உப்புக் கரிக்கிற நெற்றி

"முத்தம் கொடுத்தா உப்பாக் கரிக்கும் அத்தை. வேர்வைன்னுதான் நெனச்சேன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

எதிர்வீட்டுப் பெண் இதைச் சொன்னபோது அடுப்பில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு கையில் கனத்த பிளாஸ்டிக் ஃபைல், இன்னொரு கையில் நாலு வயதுப் பையன். பார்க்கிறவர்கள் அவனுக்கு இரண்டரை என்பார்கள். ஃபைலின் முதல் தாளில் நோயின் பெயர் இருந்தது: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அங்கே எல்லாம் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் 'வாழ்நாள் முழுக்க' என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு சொன்னது எதுவும் மனசில் நிற்கவில்லை என்றாள். நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அன்றைக்கும் அடுத்தடுத்த சாயங்காலங்களிலும் டீயோடு அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீடு இன்னும் எங்காவது இருக்கும். பல வீடுகளுக்கு அந்த நோயின் பெயரே போய்ச் சேர்ந்திருக்காது.

உப்பிலிருந்தே தொடங்கினேன். தூத்துக்குடிக்குப் போகிற வழியில் உப்பளம் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. உப்பு எங்கே போகிறதோ, தண்ணீர் அதன் பின்னால் போகும். ஊறுகாய்க்கு மாங்காயை உப்பில் போட்டால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறதே, அதேதான். நம் உடம்பில் மூச்சுக்குழாய், கணையம், குடல், வியர்வைச் சுரப்பி என்று பல இடங்களில் உப்பை உள்ளேயும் வெளியேயும் விடுகிற நுண்ணிய மடைகள் இருக்கின்றன. அந்த மடையைக் கட்டுவதற்கான குறிப்பு ஏழாவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனில் இருக்கிறது. லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் 1989-இல் அதைக் கண்டுபிடித்தன. குறிப்பில் பிழை இருந்தால் மடை சரியாக அமையாது. மூச்சுக்குழாயில் உப்பு வெளியே வராததால் தண்ணீரும் வராது, சளி கெட்டியாகிவிடும். வியர்வைச் சுரப்பியில் இது தலைகீழாக நடக்கும். வெளியே போகிற உப்பைத் திரும்ப உள்ளே வாங்க வேண்டிய மடை அடைத்துக்கிடப்பதால் உப்பு முழுவதும் வியர்வையோடு போய்விடும். நெஞ்சில் கட்டிய சளிக்கும் நெற்றியில் கரிக்கிற உப்புக்கும் ஒரே காரணம்தான்.

இது தெரியவந்த கதையும் வெயில் கதைதான். 1938-இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர், இறந்துபோன குழந்தைகளின் கணையத்தைப் பார்த்து இந்த நோயைத் தனியாகப் பிரித்து எழுதினார். அந்தக் காலத்தில் பெரும்பாலான பிள்ளைகள் சிறு வயதிலேயே போய்விடுவார்கள். 1948-இல் அந்த நகரத்தில் கடுமையான வெயில் அடித்தது. வாடி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் இந்த நோய்க்காரக் குழந்தைகள் அதிகம் இருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போன பால் டி சான்ட்அக்னீஸ், வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி இருக்கிறது என்று 1953-இல் நிறுவினார். 1959-இல் கிப்சனும் குக்கும் வியர்வைச் சோதனையை ஒழுங்குபடுத்தினார்கள். கையில் மருந்து தடவி, லேசான மின்சாரம் கொடுத்து, வியர்வையைச் சேகரித்து அதிலுள்ள குளோரைடை அளப்பார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டாலோ தாண்டினாலோ இந்த நோய்தான் என்று கொள்வார்கள். 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்டால் ஜீன் சோதனை வரை போக வேண்டும். ஊசி கிடையாது, வலியும் கிடையாது. ஆனால் எல்லா ஊரிலும் இந்தச் சோதனை இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் காட்பாடி வரை ரயில் ஏற வேண்டியிருப்பது அதனால்தான்.

நியூயார்க்கில் எப்போதோ ஒரு வருஷம் அடித்த வெயில் தாமிரபரணிக் கரையில் ஒவ்வொரு சித்திரையிலும் அடிக்கிறது. இந்தப் பையனும் அப்படித்தான் பிடிபட்டான். அக்னி நட்சத்திரத்தில் இரண்டு நாள் வாந்தி. பிள்ளை துவண்டு விழித்தது விழித்தபடி கிடந்தான். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் இறங்கிக் கிடந்தன. பேதி பெரிதாக இல்லாமல் உப்பு மட்டும் ஏன் இப்படி இறங்கியது என்று ஒரு இளம் டாக்டர் யோசித்தார். 'முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குமாம்மா?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி அவனை வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு எத்தனை பெயர்! ஆறு மாசக் குழந்தையாக இருந்தபோது எண்ணெய் மிதக்கிற, நாற்றமெடுக்கிற மலம் போனதற்கு 'மாந்தம்'. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு பிடிக்காததற்கு 'சவலை'. நெஞ்சு கரகரவென்றதற்கு 'வீசிங்'. அது நிற்காதபோது 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்'. ஆறு மாசம் காசநோய் மாத்திரையும் விழுங்கியிருக்கிறான். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் நாட்டில் இருமி இளைத்த பிள்ளை என்றால் முதலில் காசநோயை நினைப்பது நியாயம்தான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கு வராது என்றுதான் வெகுகாலம் பாடம். இந்தியக் குழந்தைகளில் இது இருப்பதாக 1968-இல்தான் மருத்துவ இதழில் எழுதினார்கள். தில்லி எய்ம்ஸில் டாக்டர் எஸ்.கே. கப்ராவும் அவருடைய குழுவினரும், வேலூர் மருத்துவர்களும் வருஷக்கணக்காகத் தேடித் தேடி எழுதிய பிறகுதான் இது இங்கேயும் இருக்கிறது என்ற எண்ணமே பரவியது. என் வேலைக் காலத்தில் திரும்பத் திரும்ப நிமோனியாவோடு வந்து, ஒரு முறை வராமலே போன சில சவலைப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களில் யாருடைய நெற்றியையும் நான் நக்கிப் பார்க்கச் சொன்னதில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தெரியாது.

டீ ஆறிப்போனதால் சூடாக்கிக் கொடுத்தேன். அதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள்: "ஒரு தடவ நல்லா ஊசி போட்டு அந்தக் கிருமிய ஒழிச்சிர முடியாதா அத்தை?"

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். அவளுடைய அப்பா வாழை வைத்திருக்கிறவர். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் வாய்க்காலில்தான் பாசனம். "ஓடுற வாய்க்கால்ல அமலைச் செடி பிடிக்குமா?" என்று கேட்டேன். பிடிக்காது என்றாள். "தூர் வாராம விட்டா?" பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. நம் எல்லோர் நெஞ்சிலும் நாள்தோறும் தூசியும் கிருமியும் இறங்குகின்றன. சளி அவற்றைப் பிடிக்கும். மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கிற மயிர்போன்ற இழைகள் அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். இந்தப் பிள்ளைகளுக்குச் சளி, ஆறிப்போன கஞ்சிபோல் இறுகி நிற்பதால் இழைகளால் தள்ள முடியாது. தேங்கிய இடத்தில் கிருமி குடியேறும். அதை எதிர்க்க உடம்பு அனுப்புகிற வெள்ளணுக்கள் அங்கேயே செத்து, சளியை இன்னும் பிசினாக்கும். குழாய்ச் சுவர் புண்ணாகி, அகன்று, தளரும். அதில் இன்னும் தேங்கும். ஊசியும் மருந்தும் அமலையை வெட்டுகிற வேலைதான். தூர் கிடக்கிற வரை அது மறுபடி முளைக்கும். அந்தக் காலத்தில் வாய்க்காலைத் தூர் வார ஊரே இறங்கும், குடிமராமத்து என்பார்கள். இவன் நெஞ்சுக்கு அந்தக் குடிமராமத்து தினமும் இரண்டு வேளை. செய்ய வேண்டியவர்கள் இவளும் இவள் வீட்டுக்காரரும்.

ஃபைலில் இருந்த முறை இது. முதலில் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து. பிறகு நெபுலைசரில் அடர்ந்த உப்புநீர். அதன் பிறகு தட்டிச் சளி எடுப்பது. எல்லாம் முடிந்து நெஞ்சு துப்புரவான பிறகுதான், டாக்டர் எழுதியிருந்தால், முகர்கிற ஆன்டிபயாடிக். வரிசை மாறினால் விலையுயர்ந்த ஆன்டிபயாடிக் சளியின் மேலேயே படிந்து வீணாகும். காலையில் வெறும் வயிற்றில் செய்யலாம். மற்ற வேளைகளில் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது கழித்துச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாந்தி எடுப்பான்.

"ஒடம்புல உப்பு நிக்கலன்னு சொல்லிட்டு, நெஞ்சுக்கு உப்புத்தண்ணியா?" என்றாள். நல்ல கேள்வி. உப்பு போகிற இடத்துக்குத் தண்ணீர் வரும் என்றேனே, மூச்சுக்குழாயின் மேல் உப்பைத் தூவினால் அது சுவரிலிருந்து தண்ணீரை இழுத்துச் சளியை இளக்கும். இதில் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள இளைஞர்களில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு நெஞ்சு மற்றவர்களைவிட நன்றாக இருந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். கடல் உப்பு கலந்த சாரலை நாள்தோறும் முகர்ந்ததுதான் காரணமோ என்று தொடர்ந்து ஆராய்ந்து, 7 சதவீத உப்புநீரை முகர்ந்தவர்களுக்கு நுரையீரல் தொற்று குறைந்தது என்று 2006-இல் வெளியிட்டார்கள். உடனே அவள், "அப்ப திருச்செந்தூர்ல போயி இருந்துரலாமா" என்றாள். கடற்கரையில் உட்கார்ந்திருந்தால் போதாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அளவாகக் கலந்து, கிருமியில்லாமல் அடைத்த மருந்துக் கடை உப்புநீர்தான் வேண்டும். வீட்டு உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றுகிற யோசனை எந்தக் கட்டத்திலும் வேண்டாம். முதல் தடவை டாக்டர் முன்னால் கொடுத்துப் பார்ப்பார்கள், சில பிள்ளைகளுக்கு மூச்சு இறுக்கிக்கொள்ளும்.

தட்டுவதில் அவளுக்குப் பயம் இருந்தது. நானும் பார்த்தேன், பூவைத் தொடுகிற மாதிரி தட்டினாள். உள்ளங்கையைக் குழித்து, தண்ணீர் அள்ளுகிற மாதிரி வைத்துக்கொண்டு, மணிக்கட்டைத் தளர்த்தித் தட்ட வேண்டும். பட்பட்டென்று சத்தம் வர வேண்டும், 'சப்' என்று அறைகிற சத்தம் வரக் கூடாது. பிள்ளைக்கு ஒரு மெல்லிய சட்டை போதும். முதுகெலும்பிலும் வயிற்றிலும் விலாவுக்குக் கீழேயும் தட்டக் கூடாது. முன்பெல்லாம் தலைகீழாகச் சாய்த்துத் தட்டச் சொல்வோம். இப்போது சிறு பிள்ளைகளுக்கு அப்படிச் செய்வதில்லை, வயிற்றில் உள்ளது மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும் என்பதால். ஒருக்களித்தும், குப்புறவும், மடியில் உட்கார வைத்தும் தட்டுவது போதும்.

நாலு வயதாகிவிட்டதால் இவனையே வேலை செய்ய வைக்கலாம். அதற்குப் பெயர் ஹஃப். எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவன் வாய்க்கு நேரே வைத்து, வாயைத் திறந்து தொண்டையிலிருந்து 'ஹா' என்று ஊதி அதில் பனி பிடிக்க வைக்கச் சொன்னேன். முதலில் எச்சில்தான் பட்டது. மூன்று தடவை மெதுவாக ஆழமாய் மூச்சு இழுத்து விட்டு, பிறகு ஒரு 'ஹா'. அடியில் ஒட்டியிருக்கிற சளி இருமலைவிட இந்த 'ஹா'வுக்குத்தான் நகரும். சோப்பு நுரை ஊதுவதும், ஓடிப் பிடித்து விளையாடுவதும், குதிப்பதும்கூட இதே வைத்தியம்தான். ஓடினால் இருமுகிறான் என்று அவனை இத்தனை நாள் திண்ணையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அவன் ஓடி இருமட்டும். இருமலை அடக்குகிற சிரப் மட்டும் எந்தக் கடையில் யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு இருமல் ஒரு வேலையாள். அந்த வேலையாளை உறங்க வைத்துவிட்டால் வாய்க்கால் மூடிவிடும்.

மறுநாள் கிருமிகளைப் பற்றிப் பேசினோம். சின்ன வயதில் பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் என்று வரும். பிறகு வருகிற சூடோமோனாஸ்தான் பெரிய தலைவலி. ஈரம் இருக்கிற இடமெல்லாம் அதன் வீடு: பாத்திரம் துலக்குகிற பஞ்சு, தொட்டி அடியில் தேங்கிய தண்ணீர், அங்கணம், காயாத நெபுலைசர் குப்பி. முதலில் தனித்தனியாகச் சுற்றும். நாளாக ஆகத் தன்மேல் ஒரு வழவழப்பான போர்வை போர்த்திக் கூட்டமாகக் குடியேறிவிடும். அதன் பிறகு எந்த மருந்தும் முழுக்க விரட்டாது. ஆகவே முதன்முதலில் சளியில் அது தெரிந்தவுடனே, பிள்ளைக்கு இருமலே இல்லாவிட்டாலும், அடித்துவிட வேண்டும். டோப்ராமைசினை 28 நாள் காலையும் மாலையும் நெபுலைசரில் கொடுப்பது வழக்கமான முறை. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று பத்தாம் நாள் நிறுத்திவிட்டால் அந்த வாய்ப்பு திரும்ப வராமல் போகலாம்.

அதனால்தான் மூன்று மாசத்துக்கு ஒரு முறை சளியைக் கல்ச்சருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். துப்பத் தெரியாத பிள்ளைக்கு இருமும்போது தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுப்பார்கள். "நல்லா இருக்கும்போது எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?" என்று மாமியார் கேட்கிறாளாம். இந்த நோயில் நல்லா இருக்கும்போது போகிற ஆஸ்பத்திரிப் பயணம்தான் அதிக பலன் தருவது என்று அந்த ஆச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். பரிசோதனைக் கூடத்துச் சீட்டில் 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்று எழுதச் சொல்ல வேண்டும். எழுதினால்தான் சாதாரணமாகத் தேடாத கிருமிகளையும் தேடுவார்கள்.

தொற்று முற்றுகிறது என்பதை எப்படி அறிவது? நம் ஊரில் காய்ச்சல் வந்தால்தான் நோய். இந்தப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலே வராமல் நெஞ்சு கெட்டுப்போகும். ராத்திரி இருமல் கூடும். விடியற்காலையில் எழுந்ததும் இருமுவது நீளும். சளி மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போகும். சாப்பாடு இறங்காது. விளையாடப் போனவன் பாதியில் வந்து மடியில் படுப்பான். எடை நிற்கும் அல்லது கால் கிலோ குறையும். இதையெல்லாம் முதலில் பார்ப்பது தாய்தான், அவளுக்குப் பிறகுதான் டாக்டருக்குத் தெரியும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, இருமல், சளி நிறம், சாப்பாடு, எடை என்று கோடு போட்டுக் கொடுத்தேன். ரத்தம் கலந்த சளி, மூச்சு வாங்குதல், விலா உள்ளிழுத்தல், உதடு நீலம் என்றால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே வண்டி பிடிக்க வேண்டும்.

மருந்து எழுதும்போதும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் என்றால் இவர்களுக்கு இரண்டு வாரம் என்று போகும். சில மருந்துகளை இவர்கள் உடம்பு சீக்கிரம் வெளியேற்றிவிடுவதால் அளவும் கூட இருக்கும். தெரியாத மெடிக்கல் ஷாப்காரர் 'என்ன இவ்வளவு டோஸ்' என்று குறைத்துக் கொடுத்த கதை எனக்குத் தெரியும். சீட்டில் உள்ளபடி கொடுக்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் அங்கேயே நின்று எழுதிய டாக்டருக்குப் போன் போடுங்கள்.

இனி வீடு. அவள் வீட்டை ஒரு சுற்று சுற்றினேன். நெபுலைசர் குப்பியை ஊதி முடித்தவுடன் சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்து நன்றாகக் காய வைக்க வேண்டும். கொதிக்க வைக்கத் தாங்குகிற பிளாஸ்டிக்கா என்று பெட்டியில் பார்த்துக்கொள்ள வேண்டும். கொதிக்க வைத்ததைக் குழாய்த் தண்ணீரில் மறுபடி அலசினால் பட்ட பாடெல்லாம் வீண். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி போடும் வழக்கம் அந்த வீட்டில் தலைமுறையாக உண்டு. அதை விட்டுவிடச் சொன்னபோது ஆச்சிக்கு முகம் வாடியது. எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் அந்தப் புகையும், கொசுவர்த்தியும், விறகடுப்பும், வாசலில் சருகு எரிப்பதும், திண்ணையில் தாத்தாவின் பீடியும் இந்த நெஞ்சுக்கு ஒன்றே. மூக்கில் எண்ணெய் விடுவதும், தொக்கம் எடுக்கப் போவதும் அதோடு நிற்க வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு நிமோனியா.

கொல்லையில் வைக்கோல் படப்பு இருந்தது. நனைந்து மக்கிய வைக்கோலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக் காளான் தூள் பறக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அது ஒவ்வாமையைக் கிளப்பி, ஆஸ்துமாபோல் இழுக்கவைக்கும். படப்பு பிடுங்குகிற நாளில் பையன் அந்தப் பக்கம் போகக் கூடாது. உழுத சேற்று வயலிலும் தேங்கிய குட்டையிலும் விளையாட விடாதீர்கள். நெல் வயல் மண்ணில் வாழும் கிருமிகளில் சில இவர்கள் நெஞ்சில் ஏறினால் இறங்குவது கஷ்டம். சமையல்கட்டு மூலையில் இருந்த வெங்காயச் சாக்கையும் பிரித்துப் பார்த்தோம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உலகம் மிகவும் பயப்படுகிற பர்க்ஹோல்டேரியா வகையை 1950-இல் முதலில் விவரித்தது அழுகின வெங்காயத்திலிருந்துதான். அழுகினதை அன்றன்றைக்கே எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவினால் போதும். அதற்காக வெங்காயமே வேண்டாம் என்று பயந்துகொள்ள வேண்டாம்.

2023 டிசம்பர் 17, 18-ஐ இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது, ஆறு ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவர்களில் ஈரமும் கறுப்புப் பூசணமும் மாசக்கணக்கில் இருந்தன. அப்போது இந்தப் பையன் கைக்குழந்தை, நோயின் பெயர் தெரியாத காலம். அந்தத் தை மாசம் முழுக்க அவன் இருமியதை நானே என் வாசலிலிருந்து கேட்டிருக்கிறேன். இப்போது சொல்லி வைத்திருக்கிறேன்: மழைக்காலத்துக்கு முன்பே பேட்டரியில் ஓடும் சின்ன நெபுலைசர் ஒன்று, பதினைந்து நாள் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், ஃபைலின் ஜெராக்ஸ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மாடியில் இருக்கட்டும். ஈரச் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கிற நாட்களில் பிள்ளை வேறு வீட்டில் உறங்கட்டும்.

வேலூரில் அவளை வருத்திய இன்னொரு விஷயம். அதே நோயுள்ள இன்னொரு பிள்ளையைக் காத்திருக்கும் இடத்தில் பார்த்து, இவன் விளையாட ஓடியபோது, நர்ஸ் வந்து பிரித்திருக்கிறார். "தீண்டாமை மாதிரி இருந்துச்சு அத்தை." அது அப்படி இல்லை என்று நிதானமாகச் சொன்னேன். இவன் இருமலால் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை, வாத்தியாரிடம் அதைத் தெளிவாக எழுதிக் கொடுக்கலாம். ஆனால் இதே நோயுள்ள இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருவர் நெஞ்சிலுள்ள முரட்டுக் கிருமி மற்றவருக்குத் தாவும். ஆறடி தள்ளியிருக்க வேண்டும். உலகத்திலேயே இவன் கஷ்டம் முழுசாகப் புரிகிற இன்னொரு பிள்ளையை இவன் கட்டிக்கொள்ள முடியாது. எத்தனை நோய்களைப் பார்த்திருந்தாலும் இதை நினைக்கும்போது எனக்கு மனசு கனக்கத்தான் செய்கிறது. தாய்மார்கள் ஒருவரோடு ஒருவர் பேசுங்கள், போனில் பிள்ளைகளைப் பேச விடுங்கள்.

சாப்பாட்டில் நம் வழக்கம் பல இடத்தில் இந்தப் பிள்ளைக்கு எதிராகப் போகிறது. சளி பிடிக்கும் என்று தயிரை நிறுத்தியிருந்தார்கள், வாழைப்பழத்தை நிறுத்தியிருந்தார்கள். வாழைத் தோட்டத்துக்காரர் பேரன் பழம் தின்ன முடியாமல் இருந்திருக்கிறான். இளைத்த உடம்பில் நெஞ்சு கிருமியோடு மல்லுக்கட்ட முடியாது. மற்றப் பிள்ளைகளைவிட இவனுக்குக் கூடுதல் சாப்பாடு வேண்டும்: நெய், முட்டை, மீன், தேங்காய், நிலக்கடலை, எள்ளுருண்டை, தயிர், பழம். கணையம் சுரக்காததால் கொழுப்பு செரிக்காது. அதற்குத்தான் அந்த என்சைம் கேப்சூல். சாப்பிட ஆரம்பிக்கும்போதே கொடுக்க வேண்டும், சாப்பிட்டு முடித்த பிறகு கொடுத்தால் பயனில்லை. விழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் கேப்சூலைப் பிரித்து உள்ளே இருக்கிற மணிகளை ஒரு கரண்டி மசித்த பழத்தில் வைத்துக் கொடுக்கலாம். மென்று பொடிக்கக் கூடாது, சூடான சோற்றில் கலக்கவும் கூடாது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் தனியாகச் சேர வேண்டும். உப்பையும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, ஊறுகாய், கருவாடு எல்லாம் இவனுக்கு நல்லது. கைக்குழந்தைக்கு உப்பே கூடாது என்று நாம் சொல்லி வந்ததும் இந்த நோயில் மாறும். எவ்வளவு என்பதை டாக்டர் எடைக்குத் தக்கபடி சொல்வார். சித்திரை, வைகாசியில் வாந்தி ஒரு நாள் நீடித்தாலே ரத்தத்தில் உப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் செல்போனில் ஒரு செய்தியை எடுத்து வந்து காட்டினார். அமெரிக்காவில் 2019-இல் அனுமதி கிடைத்த மூன்று மருந்துக் கூட்டு. கோணலாக அமைந்த அந்த உப்பு மடையையே நிமிர்த்துகிற மாத்திரை அது. அங்கே பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையே மாறிவிட்டது. இப்போது இந்த நோயோடு பிறக்கிறவர்களில் பாதிப் பேராவது அறுபதைத் தாண்டுவார்கள் என்று கணிக்கிறார்கள். ஆனால் விலை வருஷத்துக்கு மூன்று லட்சம் டாலர் அளவில். ரூபாயில் அவரே கணக்குப் போட்டுப் பார்த்து அமைதியாகிவிட்டார். இந்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோய் இருக்கிறது. மிகவும் செலவு பிடிக்கிற பிரிவில் வைத்திருக்கிறார்கள். பதிவு செய்த சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்பது ஏட்டில் உண்டு, ஒரு ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துக்கு அது போதாது. அர்ஜென்டினாவில் இதே கூட்டை வேறொரு கம்பெனி செய்கிறது. உலகத்துக்கே மலிவாக மருந்து செய்கிற நம் நாட்டில் இது நம் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். ஐரோப்பியப் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் இருக்கிற பிழை நம்மிடம் அந்த அளவுக்கு இல்லை. இங்கே அரிய பிழைகள் அதிகம். அந்த மாத்திரை இவனுக்கு வேலை செய்யுமா என்பது ஜீன் சோதனைத் தாளில்தான் இருக்கிறது. அதனால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பின்னாளில் உதவும்.

அவர் போன பிறகு அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். அவள் கட்டிக்கொண்டது அத்தை மகனை. "சொந்தத்துல கட்டுனதாலயா?" இந்தப் பிழை ஒரு பிரதியாக இருந்தால் ஒன்றும் செய்யாது. அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று என்று இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டும்போது ஒரே பிழை இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் சொந்தமே இல்லாத தம்பதிகளுக்கும் பிறக்கிறது. அவளுக்குள்ளே அப்படி ஒன்று இருப்பதற்கு வெளியே எந்த அடையாளமும் தெரிந்திருக்காது. அடுத்த பிள்ளைக்கும் ஒவ்வொரு தடவையும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இருவருடைய பிழையும் எதுவென்று தெரிந்துவிட்டால் கர்ப்பத்தின் பத்துப் பதினோரு வாரத்திலேயே பார்க்க முடியும். அதைப் பற்றி முடிவெடுக்க அவசரம் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து மரபணு ஆலோசகரிடம் பேசலாம் என்றேன்.

முன்னொரு காலத்தில் இந்த ஊரில் பிறந்த ஒரு பிள்ளை அழவும் இல்லை, பால் குடிக்கவும் இல்லை. பெற்றவர்கள் காரியும் உடையநங்கையும் செய்வதறியாமல் கோயில் புளியமரத்தடியில் கொண்டுவந்து விட்டார்கள். பிறக்கும்போதே குழந்தைகளைச் சூழ்கிற சடம் என்ற வாயுவைக் கோபித்து விரட்டியதால் அந்தப் பிள்ளை சடகோபன். நம்மாழ்வார் கதையை இங்கே எல்லோரும் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அவள் வேலூர் போகுமுன் அந்த உறங்காப்புளியைச் சுற்றிவிட்டுத்தான் போனாளாம். காரியும் உடையநங்கையும் அன்று இரவு எப்படி உறங்கியிருப்பார்கள் என்று அவள் என்னைக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே பையன் டம்ளரை வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை எச்சில் படவில்லை. எவர்சில்வரில் வெள்ளையாய் வட்டமாகப் பனி பிடித்தது. அது மறையுமுன் காட்ட வேண்டும் என்று ஓடி வந்தான், வருவதற்குள் மறைந்துவிட்டது. மறுபடி ஊதினான். இருமல் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து கிளம்பிய ஈர இருமல். அவள் பதறி எழுந்தாள். "விடு, வரட்டும்" என்றேன். ஒரு கட்டிச் சளி வந்தது. அவள் அதைப் பேப்பரில் வாங்கி, வெளிச்சத்தில் நிறம் பார்த்து, நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினாள்: இளமஞ்சள்.